படிக்காதவை ஒன்பது

டேவிஸ் இறந்து மூன்று மாதமாகிறது. எங்கள் மைசூரு அலுவலகத்தின் மிகப் பெரிய மெயில்பாக்ஸ் இன்னும் அவருடையதுதான், நாற்பத்தெட்டு ஜிபி. சர்வர் நிரம்பிவிட்டதால் அழிக்கப் போனேன். படிக்காத மெயில்கள் ஒன்பது. பேக்கப் எடுத்துவிட்டு மறுநாள் பார்த்தால் எட்டு. பாஸ்வேர்டை மாற்றினேன். அடுத்த நாள் ஏழு. பழையதிலிருந்து வரிசையாக, தினம் ஒன்று படிக்கப்பட்டது.

"டெலீட் பண்ணிடுங்க சார், சும்னே எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றாள் பக்கத்து இருக்கை ஜெசிகா. அவள் வாயில் ‘சும்மா’ எப்போதும் கன்னட ‘சும்னே’தான்.

"அவர் படிச்சு முடிக்கட்டும்மா" என்றேன்.

கடைசி மெயில் அவருடைய மரணச் செய்தி. அலுவலகம் முழுவதற்கும் நான்தான் அனுப்பினேன். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்க அன்று மறந்திருந்தேன்; மறுநாள்தான் எடுத்தேன்.

இன்று காலை அதுவும் படிக்கப்பட்டிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அதை மட்டும் மறுபடி படிக்காததாக மாற்றி வைத்திருந்தார்.