இருவாட்சிக்குத் தண்ணீர்

சிறுநீரகம் கெட்ட பிறகு, டாக்டர் சொன்னபடி, சிவஞானத்துக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். ஜன்னலுக்கு வெளியே அவர் வைத்த இருவாட்சியோ குடம் குடமாகக் குடித்துப் பூத்தது. சத்தம் அவர் காதில் விழக் கூடாதென்று, மனைவி கோமளா பாத்தியில் பழைய சாக்கை விரித்து, அதன்மேல் சொம்பைச் சாய்த்து ஊற்றுவாள். இன்று உள்ளிருந்து குரல் வந்தது.

"சாக்கை எடுத்துட்டு உசரத்துலேர்ந்து ஊத்தும்மா. கேட்டுக்கிட்டாவது இருக்கேன்."

"நீங்க தூங்கலையா?"

கோமளா சாக்கை உருவி எறிந்தாள். குடத்தைத் தோளுயரம் தூக்கிச் சரித்தாள். அவருடைய தொண்டை ஏறி இறங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பாத்தி நிரம்பி வழிந்தது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். குடம் காலியானது.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.