பக்குவப்படுத்திய பலகை

கிள்ளான் மரப்பட்டறையில் கூலிவேலை பார்க்கும் தம்புசாமி, தன் அறைக் கூரை ஒழுகுவதைச் சொல்வதற்காக, கட்டிலிலிருந்து கழற்றிய ஒரு புளியமரப் பலகையைத் தோளில் சுமந்தபடி முதலாளி யுகேந்திரன் முன்னால் வந்து நின்றார்.

"கஸ்டமர் நிக்கறாங்க. அப்புறம் பேசலாம்லா அண்ணே."

பங்சாரில் கித்தார் செய்யும் ஷாமினி, அதுவரை தட்டிப் பார்த்த அத்தனை மரத்துக்கும் உதட்டைப் பிதுக்கியவள், தம்புசாமியின் தோளைப் பார்த்ததும் சொக்கிப்போனாள். பலகை முழுக்க மையால் இழுத்ததுபோல் கறுப்பு வரிகள்.

"இந்த டிசைன் எப்படி பாஸ் வருது?"

முதலாளி பலகையைத் தடவிப் பார்த்தார். "ஈரத்துலயே வச்சுப் பக்குவப்படுத்தணும் மேடம். எங்க சொந்த முறை."

"நல்லாக் காயவச்சுக் கொடுங்க. இன்னும் நாலு வேணும்."

அவள் போனதும் முதலாளி குரலில் பாசம் பொங்கியது.

"உங்க கட்டிலுக்குப் புதுப் பலகை நாலு தரேன் அண்ணே, போட்டுப் படுங்க. கூரையில மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."