மூன்றாவது அழைப்பு

"இன்னும் எத்தனை தூணுப்பா பாக்கி?" என்றாள் நாஸ்கோல், இடிந்த பழைய அரண்மனையின் கல் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"நிக்கறதெல்லாம் பார்த்தாச்சு. விழுந்து கிடக்கறதுதான் பாக்கி" என்றார் ஈரஜ்.

"அப்ப நானும் இங்கயே விழுந்து கிடக்கறேன்."

மஹ்லகா சிரிக்கவில்லை. மகளைப் பார்க்கவும் இல்லை. கணவரின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்வீனிலிருந்து கிளம்பி இரண்டு நாள். நவ்ரோஸ் புத்தாண்டு விடுமுறையில் எந்த ஊரிலும் அறை கிடைக்கவில்லை. நேற்று மூன்று பேரும் காருக்குள்ளேயே உட்கார்ந்து தூங்கினார்கள். இன்று காலை, ஒரு நொடிதான், கார் சாலையை விட்டுச் சரளையில் இறங்கிவிட்டது. கண்ணில் தூசி என்றார். தூசி எப்படிக் குறட்டை விடும் என்று அவள் கேட்கவில்லை.

"ராத்திரியே இஸ்ஃபஹானுக்கு விட்டுடலாம். அஞ்சாறு மணி நேரம்தானே?" என்று மதியத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று ராத்திரி இந்த மனுஷன் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. அவள் மனசில் வேறொன்றும் இல்லை.

பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்த தம்பதி, ஹுமாயூனும் சித்தீகாவும், பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அரை மணி நேரப் பழக்கம். சுவரில் செதுக்கியிருந்த விருந்தாளிகளைப் பற்றி ஹுமாயூன் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சொல்வதுபோலச் சொன்னார். "பாருங்க, ஒவ்வொருத்தனையும் கையைப் பிடிச்சு ராஜாகிட்ட கூட்டிட்டுப் போறாங்க."

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமா கூட்டிட்டுப் போறாங்க, இன்னும் சோறு போடலை" என்றாள் நாஸ்கோல்.

வெயில் சாய்ந்தது. எல்லாரும் எழுந்தார்கள்.

"நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் ஹுமாயூன், நெஞ்சில் கை வைத்து.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்!" என்றார் ஈரஜ்.

"என்ன சிரமம்? உங்க கால் எங்க கண்ணுமேல."

ஈரஜ் மறுபடி மறுக்க வாயைத் திறந்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் கூப்பிட்டதாக அர்த்தம். அது அவர் பிறந்த ஊரிலும் சட்டம், எல்லா ஊரிலும் சட்டம். மூன்றாவது வரவில்லையென்றால் நேரே இஸ்ஃபஹான்தான்.

"சரி, வர்றோம்" என்றாள் மஹ்லகா.

ஹுமாயூன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நாஸ்கோல் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஆஹா... எங்க பாக்கியம்" என்றார் ஹுமாயூன்.

ஹுமாயூனின் சேறு அப்பிய வெள்ளைக் காரின் பின்னாலேயே ஈரஜ் ஓட்டினார். அவர் கண் சொருகும்போதெல்லாம் மஹ்லகா தொடையில் தட்டினாள்.

"மானத்தை வாங்கிட்டியே. ரெண்டாவது தடவையிலேயே யாராவது சரின்னுவாங்களா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

முன்னால் போன கார் ஒரு சந்துமுனையில் நின்றது. ஹுமாயூன் இறங்கிப் போய், வெறுங்கையோடு திரும்பினார். இன்னொரு தெருவிலும் அப்படியே. இன்னும் இரண்டு இடத்திலும் அதே கதை.

"நமக்காகக் கறி தேடறாரும்மா" என்றாள் நாஸ்கோல். "கிடைக்கலை போல."

ஒரே வட்டச் சாலையை மூன்றாம் முறை சுற்றினார்கள். "ஊரைச் சுத்திக் காட்டறார்" என்றார் ஈரஜ் கொட்டாவியோடு.

கடைசியில், ஊரைத் தாண்டி, ஒரு இரும்புக் கேட்டின் முன்னால் நின்றார்கள். டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்த மீசைக்காரர் ஒருவரிடம் ஹுமாயூன் ஏதோ பேசினார். மீசைக்காரர் இரண்டு காரையும் எட்டிப் பார்த்தார், குழாயை நிறுத்தினார், கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார்.

"அண்ணனா இருக்கும்" என்றார் ஈரஜ்.

முட்டைக்கோஸ் சோறு, தயிர், கீரைக்கட்டு. குழம்பு கொஞ்சம் தண்ணீராக இருந்தது. சூடாக இருந்தது, அது போதும். மீசைக்காரரின் மனைவி தட்டில் சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். ஹுமாயூன் வாசலோரமாக, விருந்தாளிகளுக்கு நல்ல இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து, சாப்பிடவே கூச்சப்பட்டார். வீட்டுக்காரர் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மஹ்லகா நினைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடிக்கும் முன்பே ஈரஜ் திண்டில் சாய்ந்து குறட்டை விட்டார். இரண்டு நாளில் முதல் தடவையாக மஹ்லகா முழுசாக மூச்சு விட்டாள். மெத்தை எடுக்க மீசைக்காரரின் மனைவி மாடிக்குப் போனாள். மஹ்லகா தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அங்கே சித்தீகா ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடறே?"

"கிளாஸ், அக்கா. தேநீர் கிளாஸ்."

"நல்லா இருக்கு! உன் வீட்டுல கிளாஸ் எங்க இருக்குன்னு உனக்கே தெரியலையா?"

சித்தீகாவின் முகம் சிவந்தது. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மஹ்லகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. எங்க வீடு மஷ்ஹத்ல இருக்கு. நாங்களும் மூணு நாளா கார்லதான் தூங்கறோம். இவர் கிளம்பறப்ப ஒரு பேச்சுக்குச் சொன்னார், நீங்க சரின்னுட்டீங்க. அப்புறம் இல்லைன்னு சொல்ல அவருக்கு வாய் வரலை, உங்களைக் கூட்டிட்டுப் போக ஒரு ரூமாவது கிடைக்குமான்னு நாலு விடுதி ஏறி இறங்கினார். கடைசியா இங்க வழி கேக்கத்தான் நின்னார். இவங்க பேர்கூட எங்களுக்குத் தெரியாது. உள்ள வாங்கன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னாங்க."