அங்கவடி எலும்பு

பயிற்சி மருத்துவர்கள் டிரில் பிடித்துப் பழகுவதற்காகக் கணினியில் காதுகளைச் செய்து தருவது அவள் வேலை. புதிய காதுக்கு ஸ்கேன் கிடைக்காமல் திண்டாடியபோது, இறந்துபோன தம்பியின் ஸ்கேனையே எடுத்துக்கொண்டாள். காது ஆபரேஷனுக்காக எடுத்தது. "அந்த டிரில் சத்தத்த நெனச்சாலே உசுரு போகுதுக்கா" என்று புலம்பிக்கொண்டிருந்தவன், ஆபரேஷன் தேதிக்கு முன்பே விபத்தில் போய்விட்டான்.

எலும்புக்கு வெள்ளை, நரம்புக்கு மஞ்சள் பூசினாள். அசைவு எதையும் அவள் சேர்க்கவில்லை.

தம்பி சரியான கள்ளன். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்வான். மதியம் வேலை முடிந்ததும் விளையாட்டாகத் திரையைப் பார்த்து, "டேய் குட்டி" என்றாள். மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, காதுக்குள்ளே, ஒலி கேட்டால் அதிரும், அரிசியைவிடச் சிறிய அங்கவடி எலும்பு ஒருமுறை துள்ளி அடங்கியது.

அவள் திரைக்கு அருகே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் உள்ளே வந்து, கணினியோடு இணைத்திருந்த பயிற்சி டிரில்லைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் மெல்லமா பண்ணுங்க, டாக்டர்."

"இதுக்கு வலிக்கவா போகுது, மேடம்?" என்று சிரித்தபடி பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியில் டிரில்லின் இரைச்சல் எழுந்தது.

முனை இன்னும் எலும்பைத் தொடவில்லை. அதற்குள் அங்கவடி எலும்பு நடுங்கத் தொடங்கியிருந்தது.