உறையாத பால்

இரண்டாயிரம் லிட்டர் பால். உறைய வைக்கும் என்சைமை ஊற்றி ஒரு மணி நேரமாகியும் உறையாமல், தொட்டியில் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

சீஸ் தொழிற்சாலையின் தரப் பரிசோதகி ஓடி வந்து பாலைச் சோதித்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். இன்னும் நிரந்தரமாகவில்லை.

"பால் சூடு முப்பத்தஞ்சு டிகிரி, சரியா இருக்கு. புளிப்பும் சரி. அப்போ என்சைம்தான் செத்திருக்கு. நீங்கதானே அதைத் தண்ணியில கலந்தீங்க அண்ணே?"

தொட்டிக்காரர் தலை குனிந்தார். விரலை விட்டே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடும் மனிதர். 'தெர்மாமீட்டர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"ஆமா மேடம். சுடுதண்ணியில கலந்துட்டேன் போல."

"போலவா? இருபது வருஷமா இதே வேலை. சூடு பட்டா என்சைம் செத்துடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். கவனிக்கல."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் கடுகடுத்தது.

"ஒரு வாரம் சஸ்பெண்ட்" என்றார்.

"ஒரு வாரம் போதுமா சார்? வேலையை விட்டே எடுக்கணும். அப்பதான் மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்."

பயந்துபோனால் நியாயம் பேசுவது சிலருக்குச் சுபாவம். தன் தலை தப்பினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மேனேஜர் அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டார். வேலைநீக்கத் தாளை எழுதி நீட்டினார். தொட்டிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவள் வாசல் வரை அவர் பின்னாலேயே போய், "ஸ்டோர் சாவி?" என்று கேட்டாள்.

கொடுத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க மேடம். என்சைம் கலக்குற வாளிய ப்ளீச்சிங் போட்டுக் கழுவாதீங்க. குளோரின் பட்டாலும் அது செத்துடும். காலையில நீங்க சுத்தமா இருக்கணும்னு கழுவி வச்சிருக்கீங்க. பால் உறையலன்னு வாளிய மோந்து பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது."



"அப்போ... ஏன் சுடுதண்ணின்னு சொன்னீங்க?"

"எனக்குன்னா ஒரு வாரம் சஸ்பெண்டோட விட்டுடுவாங்க, புதுசா வந்த உங்கள வீட்டுக்கே அனுப்பிடுவாங்களேன்னு நினைச்சேன்மா."