மேனேஜர் பேசக் கூடாது

பர்சேஸ் அதிகாரி பேனாவை மூடி மேசைமேல் வைத்ததும் மேனேஜருக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

விழுங்கிக்கொண்டார்.

விற்கிறவர்தான் பேச வேண்டும், கூடப் போகும் மேனேஜர் வாயைத் திறக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் அவரேதான். குறுக்கே பேசிப் பேசித் தன் ஆட்களை ஊமையாக்குகிறார் என்று மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு போட்டது.

இன்று விற்க வந்தவள் அவருடைய டீமில் வேலை இன்னும் நிரந்தரமாகாத பெண். பாட்டில் தொழிற்சாலைக்கு ஒரு பெரிய கம்ப்ரஸர்.

இதை அவள் தனியாக முடித்தால் மேனேஜருக்கு மாற்றல் நிச்சயம். நீங்கள் இல்லாமலும் அங்கே வியாபாரம் நடக்கும் என்று காட்டுங்கள், அனுப்பிவைக்கிறோம் என்று மேலிடம் சொல்லியாயிற்று.

மனைவிக்கு வேலை வேறு ஊரில்; அந்த ஊருக்குத்தான் மாற்றல் கேட்டிருந்தார். மகள் அங்கேதான் வளர்கிறாள். போன தடவை போனபோது உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல. குடித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதார்.

அதிகாரி இழுத்தார். விலை சரி, மெஷினும் சரி. ஆனால் முன்னால் வாங்கிய கம்பெனியில், மெஷின் நின்ற அன்று போனை எடுக்க ஆளில்லை. தொழிற்சாலையே படுத்துவிட்டது. முதலாளியிடம் தலைகுனிந்து நின்றவர் இவர்.

விலையைக் குறைத்துத் தொலைக்காதே தாயே, என்று மேனேஜர் மனசுக்குள் கும்பிட்டார். அந்த ஆளின் பயத்தைப் பிடி. படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேனே.

அவள் விலைப்பக்கமே போகவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கூப்பிட்டா ஆள் வருமான்னுதானே சார் உங்க கவலை? எங்க மேனேஜரே மூணு வருஷத்துக்கு உங்களைப் பார்த்துப்பாரு. ஆர்டர்லயே அவர் பேரை எழுதிக்குங்க."

மூன்று வருஷம் இங்கேயே.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாற்றல் விஷயம் டீமில் யாருக்குமே தெரியாது. போகப்போகிற மேனேஜர் பேச்சை எவன் மதிப்பான் என்று அவர்தான் மூச்சுவிடவில்லை.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் அதிகாரி, முகமெல்லாம் மலர்ந்து. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார்.

இப்போது வாயைத் திறக்கலாம்.

சரி என்றால் ஆர்டர் வரும், மாற்றல் போகும். முடியாது என்றால் இரண்டுமே போகும், அவள் வேலையும் சேர்ந்து போகும். அவள் கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையாட்டினார். சிரித்தபடி கைகூடக் குலுக்கினார்.

லிஃப்டில் இறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்திப்பு முடிந்ததும் விற்றவர் செய்த தப்பில் ஒன்றையாவது மேனேஜர் சொல்லியாக வேண்டும், அதுவும் அவர் போட்ட சட்டம்தான். அவளே கேட்டுவிட்டாள்.

"சார், இன்னிக்கு நான் எங்க தப்பு பண்ணினேன்?"

இறங்கிக்கொண்டிருந்த மாடி எண்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பே இல்லம்மா. நான் பேசியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."