மிச்சக்கிழமை

லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒரு கடையின் இணையத்தளத்துக்கு நாட்காட்டி செய்துகொண்டிருந்தாள் சுவர்ணா. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிழமைகள் சுலபமாக வந்தன. தளத்தை ஓட்டும் சேர்வர் கணினிக்குத் தமிழ் தெரியாது; எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகளையே கொட்டியது. கடைசியில் ஏழு கிழமைகளின் பெயரையும் தானே தட்டச்சு செய்து நிரலில் சேர்த்தாள். திரையில் தமிழ் தெரிந்ததும் துள்ளிக் குதித்தாள்.

"இஞ்சை ஓடி வாங்கோப்பா, வந்திட்டுது!"

கணவன் லதீசன் வந்து பார்த்தான். "சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவிலை இதென்ன, மிச்சக்கிழமை?"

அவள் அதை எழுதவில்லை. அழித்தாள், திரும்பவும் வந்தது. ஆங்கிலப் பக்கத்தில் ஏழு நாள்தான்.

"விடும். அண்டைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை," என்றான் லதீசன்.

"எனக்கும்தான்!"

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்ததே இல்லை.

சனி இரவு படுத்தார்கள். விடிந்ததும் சுவர்ணா கணினியைத் திறந்தாள். தமிழ்ப் பக்கம் மிச்சக்கிழமை என்றது. ஆங்கிலப் பக்கம் இன்னும் சனியிலேயே நின்றது.

கைகோத்துக்கொண்டு வெளியே போனார்கள். ட்ராம் ஓடவில்லை. பெற்றோல் ஷெட்டில் ஆளில்லை. ஆனால் நடு றோட்டில், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சிரித்துப் பேசியபடி, திருவிழாப்போல நடந்துகொண்டிருந்தது தமிழ்ச் சனம். வேறு ஒருவரும் இல்லை.